பானெட் வாரின் இரண்டாவது துளை

கம்பெனி வாசலில் நிறுத்துவதற்காக ஒரு பழைய காரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறீர்களாம். அதன் இன்ஜின் மூடியான பானெட்டை இழுத்துக் கட்டும் தோல் வார் இரண்டும் இற்றுப் போய்விட்டனவாம். பதிலுக்கு என்ன போடலாம் என்று கேட்க நான் முன்பு வேலை பார்த்த, சீட்டும் உள்வேலையும் செய்கிற நம் டிரிம் செக்ஷனிலிருந்து இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். கொடுத்த காபியைக்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. "சார், மெட்டீரியல் பேர் மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறோம்" என்று நோட்டைப் பிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பேரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பேரை நான் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மனிதர் பதினெட்டு நாள் வேலையில்லாமல் தலை குனிந்து நடந்தார். காரணம் நான். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பதில் கடைசியில்தான் இருக்கிறது, நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூரில் நம் கம்பெனியும் கிடையாது, பக்கத்துக் கம்பெனியும் கிடையாது. கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின் மேல் ஒரு ஒர்க்‌ஷாப். அதில் நான் குஷன் வேலைக்காரன். சீட்டுக்குத் தேங்காய் நார் திணிப்பது, மேல் கான்வாஸ் தைப்பது, தோல் வேலை எல்லாம் என் பொறுப்பு. எங்கள் மேஸ்திரி எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். அதனால் அவர் "ஏனப்பா" என்று ஆரம்பித்தாலே நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி கையில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொள்வோம்.

தோல் வேலை எனக்கு ஒர்க்‌ஷாப்பில் வந்ததல்ல. எங்கள் வீட்டில் பரம்பரையாக மாட்டுக்குக் கழுத்துப் பட்டையும் சலங்கைப் பட்டையும் செய்வார்கள். எருது விடும் திருவிழா நெருங்கினால் எங்கள் தெருவில் ஆள் நடக்க இடம் இருக்காது. எங்கள் பட்டைக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, புங்க எண்ணெயில் நாட்கணக்கில் ஊறி, துணி மாதிரி மடியும். இன்னொன்று, பக்கிள் முள் நுழைய ஒரே ஒரு துளைதான் இருக்கும். மாட்டின் கழுத்தைக் கையால் அளந்து, அதற்கென்று ஒரே துளை போடுவோம். இரண்டு துளை போட்டவனை, அளக்கத் தெரியாதவன் என்று சிரிப்பார்கள். என் பெரியப்பா அப்படி ஒருமுறை சிரிப்பு வாங்கி, ஒரு வருஷம் சந்தைக்கே போகவில்லை.

இந்தப் பெருமையோடுதான் நான் அந்தக் காரைத் தொட்டேன்.

சூளகிரிப் பக்கத்தில் பெரிய மாந்தோட்டம் வைத்திருந்த ஒருவரின் கார் அது. எல்லோரும் அவரை எசமா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மேல்கூரை மடக்கும் கார், அப்போதே அதற்கு முப்பது வயது. யாரோ துரை ஊருக்குப் போகும்போது எசமாவின் அப்பாவிடம் விட்டுப்போனதாம். பானெட் நீளமாக இருக்கும், இரண்டு பக்கத் தகடும் இறக்கை மாதிரி மேலே திறக்கும். பூட்டுக் கொக்கிகள் தேய்ந்து போனதால், குறுக்கே போட்ட இரண்டு தோல் வார்தான் தகடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த வார்கள் வெடித்து, தொட்டால் உதிர்ந்தன. புதிதாகச் செய்யச் சொல்லி டிரைவர் கோவிந்தண்ணன் காரைக் கொண்டு வந்தார்.

கோவிந்தண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சூளகிரிக்காரர். அந்த வீட்டில் பதினேழு வயதில் கார் கழுவச் சேர்ந்தவர், அதே காரில் ஓட்டப் பழகி, அதே காரோடு இருந்தவர். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று வருவார். நாலு டயரையும் காலால் தட்டுவார், ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்ப்பார், இரண்டு வாரையும் இழுத்து மாட்டி, கீழே ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். பூசை செய்கிற மாதிரி ஒன்றுகூடத் தவறாது. நாங்கள் கேலி செய்வோம். "என்னாண்ணே, கற்பூரம் காட்டலியா?" என்று கேட்டால், "அதை நீ காட்டுடா, நான் மணி அடிக்கிறேன்" என்பார்.

நான் நல்ல தோலாகப் பார்த்து எடுத்து, மூன்று நாள் புங்க எண்ணெயில் ஊற வைத்து, அளந்து வெட்டி, வாருக்கொரு துளை போட்டு இரண்டு வார் செய்தேன். மடித்துக் காட்டினேன். மேஸ்திரி தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்குதுப்பா" என்றார். கோவிந்தண்ணன் மாட்டிப் பார்த்தார். விரல் நுழையவில்லை, அவ்வளவு கச்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுக்குப் பட்டை மிருதுவாக இல்லாவிட்டால் கழுத்தில் புண்ணாகும். இரும்புக்கு என்ன புண்? அந்தக் கேள்வி அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் உள்ள மேலுமலை இறக்கத்தில் அந்தப் பானெட் திறந்துகொண்டது. இடது பக்கத் தகடு காற்றில் எழும்பி, கீல் பிய்ந்து, முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தது. கோவிந்தண்ணனுக்கு ரோடு தெரியவில்லை. பின் சீட்டில் எசமாவும் அவர் மனைவியும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். அவர் தகட்டைத் தலையால் முட்டிக்கொண்டே, பக்கவாட்டில் தெரிந்ததை மட்டும் வைத்து மலைப்பக்கம் ஒடித்து, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியைச் சொருகி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோவிந்தண்ணன் நெற்றியில் மட்டும் ஒரு வெட்டு. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஜல்லியைக் கொட்டியவனைக் கும்பிடத் தோன்றுகிறது.

எசமா இறங்கி வந்து பார்த்தபோது இரண்டு வாரும் முழுசாக இருந்தன. அறுந்து போகவில்லை, பிய்யவில்லை. பக்கிளிலிருந்து கழன்று சும்மா தொங்கின. பார்க்கிற யாருக்கும் ஒன்றுதான் தோன்றும், டிரைவர் மாட்ட மறந்துவிட்டான் என்று. அங்கேயே, ரோட்டிலேயே, கோவிந்தண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இருபத்து மூன்று வருஷம் அந்தக் காரோடு இருந்தவர் சூளகிரிக்கு நடந்து போனார்.

காரை லாரியில் கட்டி இழுத்து எங்களிடம் கொண்டு வந்தார்கள். எசமாவும் கூட வந்திருந்தார். "வாரு மாட்டாம வண்டி எடுத்திருக்கான். குடும்பத்தோட எங்களக் கொல்லப் பார்த்தான்" என்றார். மேஸ்திரி 'த்சொ த்சொ' என்று சொல்லிக்கொண்டு இருந்தார். நான் வாரைக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே கை சொல்லிவிட்டது. வாரைப் பானெட் மேல் போட்டுப் பார்த்தேன். நான் போட்ட துளையில் மாட்டினால் அடியில் விரல் என்ன, கையே நுழைந்தது. மூன்று விரற்கடை நீண்டிருந்தது. எண்ணெயில் ஊறிய தோல், மழையில் நனைந்து, இன்ஜின் சூட்டில் காய்ந்து, இழு இழு என்று இழுபட்டிருந்தது. தளர்ந்த வாரில் பக்கிள் முள் நிற்காது. குலுக்கலில் தானாக நழுவிவிடும். கோவிந்தண்ணன் மாட்டித்தான் இருக்கிறார். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது அவர் விரலுக்குத் தெரிந்திருக்காது, மிச்சத்தை அன்றைய இன்ஜின் சூடு இழுத்திருக்கும். கழற்றியது என் புங்க எண்ணெய்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பீர்கள், ஏன் திறக்கவில்லை என்று. பயம்தான், வேறென்ன? எசமா முன்னால் நிற்கிறார், மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார், எங்கள் வீட்டுப் பட்டைக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறது. நான் செய்தது என்ன தெரியுமா? எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் வார் இரண்டிலும் மூன்று விரற்கடை உள்ளே தள்ளி இன்னொரு துளை போட்டேன். இப்போது மாட்டினால் வார் கச்சிதமாக நின்றது. எங்கள் குடும்பத்தில் யாரும் போடாத இரண்டாவது துளை. நாலாம் நாள் கண்ணாடியும் கீலும் புதிதாகப் போட்டு, அதே வார்களோடு கார் சூளகிரிக்குப் போய்விட்டது. எசமா தன் மாங்காய் லாரி டிரைவரைத் தற்காலிகமாகக் காருக்குப் போட்டிருந்தார்.

கோவிந்தண்ணன் வேறு வேலை தேடிக் கிருஷ்ணகிரிக்கு வந்துகொண்டிருந்தார். பஸ்காரர்கள், லாரிக்காரர்கள் என்று ஒருவரும் பாக்கியில்லை. ஆனால் பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு மலை இறங்கியவன் என்கிற பேச்சு அவருக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டது. அந்தப் பேச்சு இருக்கும் வரை யாரும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வந்து உட்கார்ந்தார். நெற்றியில் கட்டு. நான் ஒரு சீட்டுக்கு நார் திணித்துக்கொண்டிருந்தேன். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நான் தினமும் வாரு மாட்டுறத நீ பாத்திருக்கியே."

"பாத்திருக்கேண்ணா."

"அன்னிக்கும் மாட்டுனேன்னுதான் நெனைக்கிறேன். விரல வுட்டுப் பாத்த மாதிரிகூட ஞாபகம் இருக்குது. ஆனா எல்லாரும் இல்லேங்கறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுடா. நான் மாட்டுனேன்ல?"

 ஊசியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போனார். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். ஒரு மனிதருக்குத் தன் கை செய்த வேலை மேலேயே நம்பிக்கை போய்விட்டால் அவர் என்ன செய்வார்? அதை நான் பறித்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு நாய்க்குப் போட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் அங்கேயும் ஒரு சாக்கு. முதலில் சரியான வாரைக் கண்டுபிடித்துவிட்டு, கையில் அதோடு போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பாதி அது நியாயம், பாதி கோழைத்தனம். எவ்வளவு எது என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். உடைந்த ஆட்டுக்கல் ஒன்றும் கிடந்தது. முதலில் அதே தோலில் மிச்சமிருந்த துண்டைக் கிளையில் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் அளவுக்கோடு போட்டேன். தினமும் தண்ணீர் தெளித்து நனைத்தேன், வெயிலில் காயவிட்டேன். நாலு நாளில் இரண்டு விரற்கடை இறங்கியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட இரண்டாவது துளையும் இப்படியே தளரும். அந்த வார்களோடு கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாவு மிஷினில் ஓடும் பெல்ட்டில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். அது இழுபடவில்லை. ஆனால் துளை போட்ட இடத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து, முள்ளோடு கிழிந்தது. பெங்களூரில் பழைய மிலிட்டரி சாமான் விற்கிற இடத்திலிருந்து லாரிக்காரர் ஒருவர் மூலமாகக் கான்வாஸ் நாடா வரவழைத்தேன். யானையைக் கட்டலாம் போலிருந்தது. மேஸ்திரிக்கே அது பிடித்துப்போனது. நனைத்தேன். தோல் நனைந்தால் நீளும், இது நனைந்ததும் சுருங்கியது. பக்கிளைக் கழற்றப் பார்த்தால் அசையவில்லை. மலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் பானெட்டைத் திறக்கக் கத்தி வேண்டும். அதுவும் ஆகாது.

மேஸ்திரி கேட்டார், "ஏனப்பா, மரத்துல என்ன காய் காய்க்க வெச்சிருக்கிற?"

"சும்மா பாக்குறேன் மேஸ்திரி" என்றேன். அங்கேயும் ஒரு பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் டபடபவென்று சத்தம். புதிதாக ஆயில் இன்ஜின் வைத்திருந்தார்கள். அதுவரை மாடு பூட்டிக் கபிலை இறைத்த கிணறு அது. தண்ணீர் அள்ளி வரும் பெரிய தோல் பையைக் கழற்றி வரப்பு மேல் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தோலைத் தெரியும். எருமைத்தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்டது. எங்கள் சித்தப்பா தைத்துக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். தூக்கிப் பார்த்தேன். கனமாக, கெட்டியாக இருந்தது.

தோட்டக்கார அம்மா கேட்டார்கள், "என்னாப்பா, அத முறைச்சு முறைச்சுப் பாக்குற? வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ. இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது."

"இது நீளாதுங்களா அம்மா?"

அந்தம்மா சிரித்துவிட்டார்கள். "நல்லாக் கேட்ட போ! தச்சுப் போட்டப்ப ஒரு சாண் நீண்டுச்சு, உங்க சித்தப்பனக் கூப்பிட்டுத் திட்டுனோம். அப்புறம் ஒரு வருசமா ரெண்டு மாடும் நாள் முச்சூடும் தண்ணிப் பாரத்தோட இழுத்திருக்குது. இனிமே அது எங்க நீளப் போவுது? நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடிஞ்சுபோச்சு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை நாளாக நான் புதுசு புதுசாகத் தேடிக்கொண்டிருந்தது அங்கே வரப்பில் கிடந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்தம்மா சொம்பை உயரத் தூக்கி என் குவித்த கையில் ஊற்றினார்கள். எங்கள் வீட்டுக்காரர்கள் தைத்த தோலில்தான் அந்தத் தண்ணீர் மேலே வந்தது. ஆனால் எங்கள் கை அந்தச் சொம்பில் படக்கூடாது. அந்தக் காலம் அப்படி. கோபம் இருந்தது, தாகமும் இருந்தது, குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வார்த்தை சொன்னவரும் அவர்தான்.

அந்தத் தோலில் ஒரு துண்டை வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். ஆட்டுக்கல்லோடு இன்னொரு கல்லும் சேர்த்தேன். நனைத்தேன், காய வைத்தேன். இரண்டு நாளில் சுண்ணாம்புக் கோடு மயிரளவும் நகரவில்லை. அன்றைக்கே இரண்டு வார் வெட்டினேன். எண்ணெய் ஒரு சொட்டு காட்டவில்லை. ஓரத்துக்கு மட்டும் மெழுகு தேய்த்தேன், பெயிண்ட் கீறாமல் இருக்க அடியில் கம்பளித் துண்டு தைத்தேன். நீளும் என்று தெரிந்த பொருளுக்கு ஒரு துளை போதும் என்று சாதித்தது எவ்வளவு மடத்தனம் என்று புரிந்துவிட்டதால், இந்த முறை நாலு துளை போட்டேன். பெரியப்பா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

மறுநாள் மாலை எசமாவின் லாரி டிரைவர் பஸ்ஸில் வந்து பக்கத்துக் கடையில் டியூப் வாங்கிக்கொண்டு, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல எசமா குடும்பத்தோட கிருஷ்ணகிரிக்கு வராரு. பேரனுக்குக் காது குத்து. எப்பா, அந்த வாரு மறுபடியும் லூசாத்தாம்ப்பா இருக்குது. நான் ஒரு கயித்தப் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன், என்னா பண்றது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மேலுமலை இறக்கம். பின் சீட்டில் கைக்குழந்தை. ஒரு கயிறு.

இனிமேல் தள்ளிப்போட இடமே இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறிச் சூளகிரியில் இறங்கி, மாந்தோட்டத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பட்டுப் புடவையில் நின்றிருந்தார்கள், குழந்தை தலையில் பூ. டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் போய்க் காருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"எசமா, வண்டிய எடுக்க வேணாங்க."

"யார்றா நீ? ஒர்க்‌ஷாப் பையனா? வழிய வுடு."

"கோவிந்தண்ணன் வாரு மாட்டித்தாங்க ஓட்டுனாரு. தப்பு என்னுதுங்க."

கயிற்றை அவிழ்த்து, முன் வாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு துளையையும் காட்டினேன். "இது நான் முதல்ல போட்டது. இது வண்டி ரிப்பேருக்கு வந்தப்ப, யாருக்கும் தெரியாம போட்டது. நடுவுல இருக்குற மூணு விரல் அந்தப் பன்னெண்டு நாள்ல நீண்டதுங்க. முள்ளு தானா நழுவிடுச்சு."

அவர் வாங்கி, இரண்டு துளைக்கும் நடுவில் தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க."

கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "பதினெட்டு நாளுடா. ரெண்டு தடவ இந்த வாசலுக்கு வந்தான். நான் மூஞ்சியக்கூடப் பாக்காம வுள்ள போயிட்டேன்" என்றார். என்னைத் திட்டினாரா, தன்னையே திட்டிக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் முதலில் தெளிந்தவர். "பேசிக்கிட்டே இருந்தா எப்படி? ஓடிப்போய்க் கோவிந்தனக் கூட்டியாங்க" என்று தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார். லாரி டிரைவர் சந்தோஷமாக ஓடினார். அவருக்குத் தன் லாரியே போதும்.

கோவிந்தண்ணன் வருவதற்குள் புது வார்களை எடுத்து வைத்தேன். எசமா தடவிப் பார்த்து, "முரடா இருக்குதே" என்றார்.

"முரடாத்தாங்க இருக்கணும். இது கபிலைத் தோலு. நீண்டு முடிஞ்சது."

"அப்படியா? அப்ப நீ முன் சீட்டுல ஏறு. மலை எறங்கறப்ப உன் வாரு உன் மூஞ்சிக்கு நேரா இருக்கட்டும். நான் பின்னாடி உக்காருறேன். வீட்டுக்காரங்களும் கொழந்தையும் பஸ்ஸுல வரட்டும்" என்றார். அவர் மனைவி, "உங்களுக்கு மட்டும் என்ன தைரியம்!" என்று முகவாயில் கை வைத்தார்.

கோவிந்தண்ணன் வந்தார். வழியிலேயே லாரி டிரைவர் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். எசமா சாவியை எடுத்து நீட்டி, "கோவிந்தா, நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். அந்த மனிதர் வாயில் அதற்குமுன் அப்படி ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை. கோவிந்தண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல ஒரு சுற்று வந்தார். டயரைத் தட்டினார், மூடியைத் திருகினார். நான் வாரை மாட்டப் போனேன்.

"நீ மாட்டாத. நான் மாட்டுறேன். நீ பாரு" என்றார்.

பார்த்தேன். இரண்டாவது துளையில் மாட்டி, கீழே விரலை விட்டார். விரல் பாதி நுழைந்து நின்றது.

சூளகிரி தாண்டி மேலுமலை வந்தது. இறக்கம் ஆரம்பித்தது. என் கண் வார் மேலேயே இருந்தது. காற்று பானெட்டைத் தட்டியது. பழைய ஜல்லிக் குவியல் பாதி கரைந்து இன்னும் அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டும்போது பின்னாலிருந்து எசமா, "ராமா ராமா" என்றார். வார் அசையவில்லை. கடைசி வளைவு முடிந்து ரோடு சமமானதும் கோவிந்தண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி முன்னால் போய், வாருக்கு அடியில் விரலை விட்டார். பாதி நுழைந்து நின்றது. நானும் இறங்கிப் போய் நின்றேன். 

அவர் விரலை எடுக்காமலே, பானெட்டைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப அன்னிக்கு நான் மாட்டுனேன்ல?"

"மாட்டுனீங்கண்ணா" என்றேன். "விரல வுட்டுக்கூடப் பாத்திருப்பீங்க. நீங்க மாட்டாம ஒரு நாளும் எடுத்ததில்ல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என் பின்மண்டையில் ஒரு அறை விட்டார். எசமா ஓங்கி விட்டுவிட்ட அடி அது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியான அடியை நான் வாழ்க்கையில் வாங்கினதில்லை.

மேஸ்திரி அன்றைக்கு முழுக் கன்னடத்தில் பேசினார். கடைசியில் தமிழுக்கு இறங்கி, "எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிச் சொல்லியிருப்போம்ல?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. பயந்தவனுக்குத் தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. பழைய வாரை அவரே ஒரு ஆணியில் மாட்டினார். நான் அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு வரும் வரை அது என் தலைக்கு நேரே தொங்கியது, வரும்போது கையோடு எடுத்து வந்தேன்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். கபிலைத் தோல் இப்போது கிடைக்காது, தேடி அலையாதீர்கள். பட்டைச்சாற்றில் பதனிட்ட கெட்டித் தோல் வாங்குங்கள். மடித்துப் பார்த்து மயங்காதீர்கள். வாரை வெட்டுவதற்கு முன் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நனைத்து, காய வைத்து, அது நீண்டு முடிக்கும் வரை பொறுங்கள். வாசலில் நிற்கப்போகிற கார்தானே என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள்.

இந்தக் கடிதத்தோடு வரும் பையில் மாதிரிக்கு ஒரு தோல் துண்டோடு அந்தப் பழைய வாரும் வைத்து அனுப்பியிருக்கிறேன். அதில் இரண்டு துளை இருக்கும். உங்கள் செக்ஷனில் ஒரு ஆணி அடித்து மாட்டிக்கொள்ளுங்கள். எவனாவது டீ நேரத்தில் தனியாக நின்று துளை போடுவதைப் பார்த்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் போய், "என்னாப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், கோவிந்தண்ணன் அந்த ஒரு கேள்வியைப் பதினெட்டு நாள் சுமந்திருக்கமாட்டார்.